பதினோராவது வட்டம்

பத்ரியின் கேமராவுக்குள் இருப்பது ஒரு தபால்தலை.
என் கேமராவுக்குள், அதை நாலாய் மடித்தால்
மேலே நிற்கும் மடிப்பு.
வித்தியாசம் இவ்வளவுதான் என்பேன்.
இவ்வளவா என்பான்.

குத்தாயிசியில் கல்யாணம் என்றால்
எங்களைச் சேர்த்தே கூப்பிடுவார்கள்.
அவன் பை பதினொரு கிலோ.
அதற்கும் ஒரு டிக்கெட் எடு என்று
மினிபஸ் டிரைவர் ஒருமுறை சண்டைக்கே வந்துவிட்டார்.
என் மூன்று லென்ஸும் கோட்டுப் பைகளில் அடங்கும்:
ஒன்று சாவிக்கொத்தோடு,
ஒன்று பாதி தின்ற வால்நட் மிட்டாயோடு,
இன்னொன்று எந்தப் பையில் என்று எப்போதும் தேடுவேன்.

இடையில் மாமுகா. சென்சார் அளவிலும் இடையில்தான்.
லென்ஸில் எழுதிய எண்ணை அவன் ஒன்றரையால் பெருக்க,
நான் இரண்டால் பெருக்க,
பத்ரி எதையும் பெருக்காமல் பீரை ஊற்றுவான்.
கணக்கு ஒன்றாய் வரும்.
படம் வராது.

"கடுகு சிறுத்தாலும்..." என்று நான் ஆரம்பித்தால் போதும்.
"ஐஎஸ்ஓ ஆறாயிரத்து நானூறில்
உன் கேமரா காரத்தைக் காட்டுவதில்லை, தாயே,
கடுகையே கொட்டுகிறது."

நவம்பரில், ரியோனி ஆற்றுக்கு மேலே, குளிர்ந்த பழைய தேவாலயம்.
மெழுகுவர்த்தி தவிர வேறு வெளிச்சம் கூடாது என்றார் பாதிரியார்.
தோளோடு தோள் நின்றோம்.
தியோனாவின் தலையில் கிரீடம் இறங்கியபோது
இருவரும் ஒரே நொடியில் அழுத்தினோம்.
சத்தமே இல்லை,
இரண்டு பேர் எச்சில் விழுங்கியது போல.

அவனுடைய எண்பத்தைந்து, முழுக்கத் திறந்து:
இமை முடியில் ஒட்டிய ஒரு மினுக்கு.
காது மடலைத் தாண்டியதும் உலகம் உருகிய நெய்.
நெய்யில் மிதக்கும் பொன் வட்டங்கள்.

என்னுடைய பதினேழு, நாலுக்கு மூடி,
கை நடுக்கத்தைக் கேமராவே தாங்கிக்கொள்ளும் என்று நம்பி:
செருப்பைக் கழற்றிக் கட்டைவிரலைத் தேய்க்கும் அம்மா லாம்சிரா.
கைப்பேசி பார்க்கும் மாப்பிள்ளையின் சித்தப்பா.
கடைசித் தூணின் விரிசல்வரை எல்லாமே.
எல்லாவற்றின்மேலும் கடுகு.

"கல்யாணத்தை எடுக்கச் சொன்னால்
கூட்டத்தை எடுத்திருக்கிறாய்" என்றான் பத்ரி.
பதில் சொல்ல எனக்கு வாயில்லை.
அவன் படம் அழகு. அதில் பொய் சொல்ல முடியாது.

மூன்று வாரம் கழித்து ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்தாள் தியோனா.
இமையை ரசித்தாள். அடுத்தது என்றாள். அடுத்தது.
என் படத்தில் விரல் நின்றது.
"தூணைப் பெரிதாக்குங்கள்."

சாம்பல் கோட்டு. கழற்றிய தொப்பி.
கையில் எல்லோரையும் போல ஒரு மெழுகுவர்த்தி.
இன்னும் பெரிதாக்கச் சொன்னாள்.
பெரிதாக்க ஆக்க முகம் மணலாய்ச் சரிந்தது,
மூக்கு போயிற்று, மீசை போயிற்று.
"போதும், பின்னால் போங்கள், அவர் போய்விடுவார்" என்றாள்.

ஒன்பது வருடமாகப் போத்தி துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறாராம்.
அழைப்பு அனுப்பவில்லையாம்.
அம்மா முன்னால் அந்தப் பெயரை எடுப்பதில்லையாம்.

பிறகு பத்ரியின் பக்கம் திரும்பினாள்.
"உங்கள் படத்தில் அவர் எங்கே?"

எட்டு வருடத்தில் பத்ரி பதில் தெரியாமல் நின்று
நான் பார்த்தது அன்றுதான்.
என் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணினான்.
தாங்கியில் பத்து மெழுகுவர்த்தி.
அவன் படத்தில் வட்டம் பதினொன்று.
இடது ஓரம், சற்றே தாழ்வாக,
மற்றதைவிடக் கொஞ்சம் மங்கலாய் ஒன்று.

அதைத்தான் சுவருக்குக் கேட்டாள், ஒரு மீட்டர் அகலத்தில்.
சட்டத்தைத் தேர்ந்தெடுக்க லாம்சிராவே வந்தார்.
"விளக்குகள் எவ்வளவு அழகாக விழுந்திருக்கின்றன" என்று
இடது ஓரத்தைத் தொட்டுச் சொன்னார்.
பத்ரி லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தான், சுத்தமாகத்தான் இருந்தது.

என் படத்தில் தூண் பக்கத்தை மட்டும் வெட்டி
பர்ஸில் வைக்கிற மாதிரி ஒன்று போட்டுக் கொடுத்தேன்.
அந்த அளவில் கடுகு தெரியாது.
மீசைகூடத் தெரிந்தது.
அளந்து பார்க்கவில்லை,
ஒரு தபால்தலை இருக்கும்.